போர் தேடும் மரபை உருவாக்குதல்: புனைவில் போர்வீரர் சமூகத்தைப் படைப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கற்பனை உலகில் நிகழும் நாவலையோ கணினி விளையாட்டையோ எழுதுவோர் பலர் தம் கதைக்கென ஒரு போர்வீரர் குலத்தைப் படைக்கிறார்கள். அக்குலத்தார் போரை விரும்புவார்கள் என்றும், வீரச்சாவைப் பெரும்பேறாகக் கருதுவார்கள் என்றும், இளைஞர்கள் உரிய வயது வந்ததும் எதிரியைத் தேடிப் புறப்படுவார்கள் என்றும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லப்பட்டுவிடும். ஆனால் அவர்களுடைய உணவு எங்கிருந்து வருகிறது, யாருடன் மணவுறவு கொள்கிறார்கள், ஓர் ஆண்டு எதிரியே கிடைக்காமல் போனால் அந்த இளைஞர்களின் நிலை என்ன ஆகும் என்பன போன்ற கேள்விகளுக்குக் கதையில் விடை இருக்காது. அதனால் அந்தக் குலம் படிப்பவர் மனத்தில் நிலைபெறாமல், சண்டைக் காட்சி தேவைப்படும்போதெல்லாம் மேடைக்கு வந்து போகும் கூட்டமாகவே நின்றுவிடுகிறது.

வேறு எந்த வழியிலும் பெற முடியாத, வாழ்வுக்கு இன்றியமையாத ஒன்றைப் போரின் வழியாக மட்டுமே பெற முடிகின்ற சமூகத்தில்தான் போர் தேடும் மரபு வேர்கொள்கிறது என்பது என் உறுதியான கருத்து. போர் விருப்பம், பெருமிதம், பாட்டு, கொடி ஆகிய அனைத்தும் அந்தத் தேவையின் மேல் பின்னர் வளர்ந்தவை. ஆகவே இந்த வழிகாட்டி தேவையிலிருந்து தொடங்கி, எதிரி, அழைப்பு, நிகழ்வு, சான்று, வீடு, திரும்புதல் என்ற வரிசையில் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் உலக வரலாற்றில் உண்மையாக இருந்த வழக்கங்களைக் காட்டுகிறேன். கூடவே இந்த வழிகாட்டிக்காகவே நான் கற்பனை செய்த ‘முரம்பர்’ என்னும் குலத்தையும் படிப்படியாகக் கட்டிக்காட்டுகிறேன். அவர்கள் பரல்கல் நிறைந்த வறண்ட மேட்டுநிலத்தில் ஆடு மேய்த்து வாழ்பவர்கள். அவர்களுடைய மரபின் பெயர் ‘எதிர்தேடல்’.

முதல் படி: தேவையைத் தீர்மானியுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். “இவர்கள் ஏன் போரைத் தேடுகிறார்கள்?” என்ற கேள்விக்கு “வீரம்” என்று எழுதினால், அடுத்த வரியில் “வீரன் என்று பெயர் பெற்றவனுக்கு மற்றவனுக்குக் கிடைக்காத எது கிடைக்கிறது?” என்று கேளுங்கள். நிலம், நீர், மணப்பெண், அவையில் இடம், வேலை, இறந்தவர் இடத்தை நிரப்ப ஓர் ஆள் என்று தொட்டுணரக்கூடிய விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஜப்பானில் வாள்வீரர்கள் ஊர் ஊராகச் சென்று எதிராளிகளைத் தேடிப் பொருதிய ‘முஷா ஷுக்யோ’ என்னும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். புகழ்பெற்ற வாள்வீரரான மியாமோட்டோ முசாஷி, தம் 13ஆம் வயதில் முதல் பொருதலில் வென்றதாகவும், 29 வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட பொருதல்களில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்றும் தாமே எழுதிவைத்திருக்கிறார். இதைத் தனிமனித வெறி என்று மட்டும் எண்ணினால் பாதிதான் விளங்கும். 1600இல் செக்கிகஹாரா போர் முடிந்தபின் தலைவரை இழந்த சாமுராய்கள் பெருந்திரளாக நாடெங்கும் அலைந்தார்கள். அவர்களுக்கு ஒரு பிரபுவின் கீழ் ஊதியம் வேண்டுமென்றால் பெயர் வேண்டும். பெருங்களங்கள் அருகிவந்த காலத்தில் அந்தப் பெயரைத் தேடுவதற்கு எஞ்சிய வழிகளுள் ஒன்று தனிப்பொருதல். அந்தத் தேடலின் அடியில் பிழைப்பும் இருந்தது.

தொல்காப்பியப் புறத்திணையியல் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கையாள்கிறது. ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி. ஆற்றலையே பொருளாகக் கொண்டு வந்த வேந்தனை எதிர்த்துச் சென்று அழித்தல் தும்பை. ஒரே வீரர்கள், ஒரே வேல்கள். ஆயினும் நோக்கம் மாறினால் திணையே மாறிவிடுகிறது. உங்கள் குலத்தின் மரபு இம்மூன்றில் எதற்கு நெருங்கியது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தும்பை வகை மரபைத்தான் பெரும்பாலோர் விரும்பித் தேர்கிறார்கள். எழுதுவதற்கு மிகக் கடினமானதும் அதுவே. வலிமையை நிலைநாட்டுவதே நோக்கமான போர் எதற்காக நிகழ்கிறது என்பதை அந்தச் சமூகத்தின் உள்ளமைப்பிலிருந்து நீங்கள் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

முரம்பருக்கு நான் தேர்ந்தது நீர். அவர்களுடைய மேட்டில் பன்னிரண்டு கிணறுகள் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு கிணற்றிலும் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஒவ்வொரு குடும்பம் என்ற முறையில் எண்பத்து நான்கு குடும்பங்களுக்கே நீர்முறை உண்டு. முறை இல்லாத குடும்பம் உறவினரின் முறையில் அண்டி வாழ வேண்டும். அக்குடும்பத்தில் மணம் நிகழாது. ஒரு நீர்முறை காலியாகும்போது அதற்காக உள்ளூரிலேயே அடித்துக்கொண்டால் குலம் சிதைந்துவிடும் என்பதால், தகுதியை வெளியில் சென்று பெற்றுவர வேண்டும் என்று முன்னோர் வகுத்தனர். எனவே முறை இல்லாத ஒவ்வொரு குடும்பமும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒருவரை எதிர்தேடலுக்கு அனுப்புகிறது. இவ்வளவு எழுதியதுமே, அண்டிவாழும் ஓர் அக்காவும் தம்பியும், அவர்களுள் யார் செல்வது என்ற பேச்சும் கதையாக வந்து நிற்பதைக் காணலாம்.

இரண்டாம் படி: எதிரியை உயிரோடு வைத்திருங்கள்

போரைத் தேடும் சமூகத்துக்கு எதிரி தொடர்ந்து இருந்தாக வேண்டும். எதிரியை முற்றாக அழித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் தகுதி பெற வழியில்லை. இந்த முரணை எழுத்தாளர் கவனிக்காமல் விடும்போதுதான், ஆண்டுதோறும் போருக்குச் செல்லும் குலமும் குறையாத மக்கள்தொகையும் ஒரே கதையில் இடம்பெற்றுவிடுகின்றன.

மெக்சிகோவின் ‘பூப்போர்’ இதற்கு உலக வரலாறு தரும் மிகச் செறிவான எடுத்துக்காட்டு. டெனோச்டிட்லான், டெஷ்கோகோ, ட்லாகோபான் ஆகிய மூன்று நகரங்களின் அஸ்டெக் கூட்டணி, மலைகளுக்கு அப்பாலிருந்த ட்லாஷ்காலா, வெஷோட்சின்கோ முதலிய நகரங்களோடு, முன்கூட்டியே குறித்த நாளில் குறித்த களத்தில் பொருதியது. கொல்வதைவிட உயிருடன் பிடிப்பதே பெருமை. பிடிபட்டோர் தெய்வத்துக்குப் பலியிடப்பட்டனர். 1450களின் தொடக்கத்தில் வந்த பெரும் பஞ்சத்தோடு இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தை மரபுவழி வரலாறுகள் இணைத்துச் சொல்கின்றன. அஸ்டெக் சிறுவன் தன் பிடரியில் ஒரு மயிர்க்கற்றையை வளர்த்துவந்தான். முதல் கைதியைப் பிடிக்கும்வரை அது நீக்கப்படாது. வயது ஏறியும் அந்தக் கற்றையோடு தெருவில் நடப்பவனின் நிலையை எண்ணிப்பாருங்கள். போர் தேடும் மரபு தனிமனிதனை எப்படி அழுத்துகிறது என்பதைப் பத்துப் பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு மயிர்க்கற்றை நன்றாகக் காட்டிவிடும்.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் உண்டு. பூப்போர் வெறும் சடங்கன்று, ட்லாஷ்காலாவை மெல்லத் தேய்ப்பதற்கான உத்தியும்கூட என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். நாற்புறமும் சூழப்பட்ட ட்லாஷ்காலா மக்களுக்கு உப்பும் பருத்தியும் கிடைப்பதே அரிதாகிவிட்டிருந்தது. 1519இல் ஸ்பானியர் கோர்டெஸ் வந்தபோது, முதலில் எதிர்த்துப் போரிட்ட ட்லாஷ்காலா மக்கள் பின்பு அவருக்குப் பெரும் துணையாக மாறினர். 1521இல் டெனோச்டிட்லான் வீழ்ந்தது. ஒரு தரப்புக்குப் புனிதமான போர் மறு தரப்புக்கு எப்படித் தோன்றுகிறது என்ற கேள்வியை உங்கள் கதையிலும் கட்டாயம் எழுப்புங்கள்.

முரம்பருக்கு எதிரிகள், வற்றிய ஆற்றின் கரையில் வாழும் மணற்கரையார். அவர்களுக்கு வேறு தேவை: வணிகச் சாத்துகளுக்குக் காவலாகச் செல்வதே அவர்கள் தொழில், பொருதிப் பெயர் பெறாதவனை எந்த வணிகனும் காவலுக்கு அழைப்பதில்லை. இரு தரப்புக்கும் தனித்தனிக் காரணம் இருப்பதால் தலைமுறை தலைமுறையாகக் களம் நிலைக்கிறது. இரு தரப்பும் ஒரே காரணத்துக்காகப் போரிட்டால் ஒன்று அழியும், அல்லது இரண்டும் உடன்படிக்கைக்கு வந்துவிடும்.

மூன்றாம் படி: காலத்தையும் அழைப்பையும் வகுத்துக்கொள்ளுங்கள்

ஆண்டு முழுவதும் போரிடும் சமூகம் பட்டினியால் அழியும். விதைப்பு, அறுப்பு, மேய்ச்சல் ஆகியவற்றுக்கு இடையில் கிடைக்கும் இடைவெளியே போர்க்காலம். இந்தோனேசியாவின் சும்பா தீவில் இன்றும் நிகழும் ‘பசோலா’ என்னும் குதிரைச் சண்டையில், மழுங்கிய மரவேல்களை எறிந்து பொருதுகிறார்கள். அது பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ‘நியாலே’ என்ற கடற்புழுக்கள் கரைக்கு வரும் நாளை ஒட்டி நிகழ்கிறது. பூசாரிகள் அந்தப் புழுக்களைப் பார்த்து விளைச்சலைக் கணிக்கிறார்கள். களத்தில் சிந்தும் இரத்தம் மண்ணை வளப்படுத்தும் என்பது நம்பிக்கை. கடலும் வயலும் சண்டையும் ஒரே நாட்காட்டியில் கோக்கப்பட்டிருப்பதால், அந்த வழக்கத்தை அந்த ஊரிலிருந்து பிரித்து வேறிடத்தில் நட முடியாது. உங்கள் மரபும் அப்படிப் பிரிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

அழைப்பில், யார் களத்துக்கு வெளியே நிற்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையாரின் புறநானூற்றுப் பாடலில், ஆக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்னறிவிக்கும் அறம் பேசப்படுகிறது. ஒரு சமூகம் யாரைக் களத்திலிருந்து விலக்குகிறது என்பதிலிருந்து அது எதை மதிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முரம்பர், மழை ஓய்ந்தபின் கிணறுகள் நிறைந்திருக்கும் ஒரே மாதத்தில் எதிர்தேடலுக்குச் செல்கிறார்கள். கிணற்று விளிம்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து, ஆட்டுமயிரில் பொதிந்து மணற்கரைக்கு அனுப்புகிறார்கள். கல் உப்போடு திரும்பினால் அழைப்பு ஏற்கப்பட்டது. சாம்பலோடு திரும்பினால் அந்த வீட்டில் துக்கம். அவ்வாண்டு அவ்வீட்டாரைத் தொடக் கூடாது. கல் திரும்பவே இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கு முரம்பரிடம் விதி இல்லை. வேண்டுமென்றே அந்த இடத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். ஏனெனில் விதி இல்லாத இடத்தில்தான் பாத்திரங்கள் தாமாக முடிவெடுக்க வேண்டிவரும்.

நான்காம் படி: நிகழ்வை முழு வரிசையில் அடுக்குங்கள்

போர் தேடும் மரபை எழுதும்போது சண்டைக்கு மட்டும் இடம் கொடுத்துவிட்டு மற்றவற்றைச் சுருக்கிவிடுவது பரவலான குறை. இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ஆநிரை கவரும் வெட்சிக்குத் தொல்காப்பியம் பதினான்கு துறைகளைக் கூறுகிறது. படை புறப்படும் ஆரவாரம், ஊர்ப்பாக்கத்தில் தங்கி விரிச்சி என்னும் சகுனச்சொல் கேட்டல், பகைவர் அறியாமல் செல்லுதல், அவர்கள் அறியாதபடி ஒற்றர் உளவறிதல், உளவறிந்த ஊரின் புறத்தே தங்குதல், ஊரைச் சூழ்ந்து அழித்தல், ஆக்களைக் கைக்கொள்ளுதல், மீட்க வந்தவரைப் பொருது விலக்குதல், ஆக்களுக்கு நோவு நேராமல் ஓட்டிவருதல், வழிபார்த்திருக்கும் தம்மவர் மகிழத் தோன்றுதல், கொண்டுவந்து ஊரில் நிறுத்துதல், பங்கிடுதல், உண்டு களித்தல், கொடுத்தல்.

இவற்றுள் நேரடியான சண்டை இரண்டு அல்லது மூன்று துறைகளில் மட்டுமே இருப்பதைக் கவனியுங்கள். சகுனம் கேட்பதற்கும், கவர்ந்த பசுவைத் துன்புறுத்தாமல் நடத்திவருவதற்கும், பங்கு பிரிப்பதற்கும், கொடை வழங்குவதற்கும் தனித்தனித் துறை உண்டு. இரவில் ஊர்ப்பக்கம் நின்று, யாரோ எதற்கோ பேசும் சொல்லை நற்சொல்லா தீச்சொல்லா என்று காதுகொடுத்துக் கேட்கும் வீரர்களின் அச்சம், வேல் பாயும் காட்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. பங்கிடும் துறையோ குலத்துக்குள் இருக்கும் அத்தனைப் பகையையும் வெளியே கொண்டுவரக்கூடிய இடம். நெருங்கிய நண்பர்கள் இருவர் பிரிவதை எழுத வேண்டுமென்றால், களத்தைவிடப் பாதீடு எனப்படும் இந்தப் பங்கீட்டில் வைத்து எழுதுங்கள்.

ஆகவே உங்கள் மரபின் தொடக்கம் முதல் முடிவு வரை குறைந்தது பத்து நிலைகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் யார் பொறுப்பு, எந்தப் பொருள் கையில் இருக்கும், எது தவறலாம் என்ற மூன்றையும் குறியுங்கள். முரம்பரில் கல் பொதியும் ஆட்டுமயிரை யார் கத்தரிப்பது என்று குறித்தபோது, அதை நூற்பவள் முன்னொருமுறை எதிர்தேடலில் தோற்றுத் திரும்பியவள் என்ற எண்ணம் எனக்குக் கிடைத்தது. இத்தகைய பாத்திரங்கள் நேராகச் சண்டைக் காட்சிக்குத் தாவினால் கிடைப்பதில்லை.

சண்டையின் விதிகளை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். முரம்பருக்கு மூன்றே விதிகள்: குறுந்தடியும் தோற்கேடகமும் தவிர வேறு ஆயுதம் கூடாது, கிணற்றின் நிழல் விழும் தொலைவுக்குள் பொருதக் கூடாது, முழங்கால் மண்ணில் பட்டால் சண்டை முடிந்தது. இந்த விதிகளுக்குட்பட்டும் ஆட்கள் இறப்பதுண்டு.

ஐந்தாம் படி: வெற்றிக்குச் சான்று யார்?

எதிரியைத் தேடிச் சென்றவன் தனியே திரும்பிவந்து “வென்றேன்” என்றால் ஊர் ஏன் நம்ப வேண்டும்? வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளிடையே, உயிருள்ள எதிரியைக் கையாலோ கோலாலோ தொட்டுவிட்டுத் திரும்புவது கொலையைவிட மேலான வீரச்செயலாகக் கருதப்பட்டது. ஆனால் அவையில் அதை எடுத்துச்சொல்பவனுக்குச் சாட்சி வேண்டும். பொய் சொன்னவன் மானம் இழந்தான். குரோ பழங்குடியில் போர்த்தலைவன் என்ற நிலையை அடைய நான்கு செயல்கள் வகுக்கப்பட்டிருந்தன: எதிரியைத் தொடுதல், அவன் ஆயுதத்தைப் பறித்தல், அவன் முகாமிலிருந்து குதிரையைக் கவர்தல், ஒரு போர்க்குழுவை வெற்றியுடன் நடத்துதல்.

1913இல் பிறந்து 2016இல் மறைந்த ஜோ மெடிசின் குரோ, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனியில் போரிட்டபோது இந்த நான்கையும் செய்துமுடித்தார். ஒரு ஜெர்மானிய வீரனோடு கைகலந்து, அவன் ஆயுதத்தை வீழ்த்தி, அவன் தன் தாயை அழைத்துக் கதறியதும் கொல்லாமல் விட்டார். எதிரி அதிகாரிகளின் குதிரைகளையும் ஓட்டிச்சென்றார். போர் முடிந்து ஊர் திரும்பி முதியோர் முன்னிலையில் தாம் செய்தவற்றைச் சொன்னபோதுதான் அவர் போர்த்தலைவராக ஏற்கப்பட்டார். பீரங்கிகளும் டாங்கிகளும் நிறைந்த ஒரு போருக்குள் குதிரை கவரும் பழைய மரபு உயிரோடு நடந்துசென்றது என்பதை எண்ணும்போதெல்லாம், மரபு என்பதன் வலிமை எனக்குப் புதிதாகப் புலப்படுகிறது.

முரம்பருக்கு நான் வைத்த விதி, எதிரியின் சொல் மட்டுமே சான்று என்பது. தோற்ற மணற்கரையார் கிணற்று மேட்டுக்கு வந்து, “இவர் என்னை வீழ்த்தினார்” என்று மூதாட்டியர் முன் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வருபவருக்கு வென்ற குடும்பம் ஓராண்டுக்கு ஆட்டுநெய் கொடுக்கக் கடன்பட்டது. தோற்றவர் இறந்துவிட்டால் சொல்ல ஆள் இல்லை. கொன்றவருக்கு நீர்முறையும் இல்லை. கொல்லாமல் வெல்ல வேண்டிய கட்டாயம் அறிவுரையாக இல்லாமல் அமைப்பின் உள்ளேயே அமைந்துவிடுகிறது.

ஆறாம் படி: செல்லாதவர்களின் அதிகாரம்

போருக்குச் செல்லாதவர்களை அழுது வழியனுப்புவோராக மட்டும் எழுதிவிடாதீர்கள். வட அமெரிக்காவின் ஹோடெனோசோனி மக்களிடம் ‘துக்கப் போர்’ என்றொரு வழக்கம் இருந்தது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அந்த வெற்றிடத்தை நிரப்பக் கைதியைப் பிடித்துவருமாறு குலத்தின் மூத்த பெண்கள் வீரர்களை ஏவ முடியும். பிடிபட்டவர் அந்தக் குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டு, இறந்தவரின் இடத்தில் வாழவும்கூடும்; சித்திரவதைப்பட்டு இறக்கவும்கூடும். அதே பெண்கள் வழிப்பயணத்துக்கான உலர்ந்த சோளத்தையும் மொக்கசின் காலணிகளையும் தர மறுத்துப் போரைத் தடுக்கவும் முடிந்தது. போர் தேடும் மரபின் கடிவாளம் ஆயுதம் ஏந்தாதவர் கையில் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் குலத்தில் உணவைக் கட்டுப்படுத்துபவர், ஆயுதம் செய்பவர், காயத்துக்கு மருந்திடுபவர், பாடுபவர் ஆகிய ஒவ்வொருவரும் எதைத் தர மறுத்தால் மரபு நின்றுபோகும் என்று எழுதிப்பாருங்கள். முரம்பரில் கிணற்றுக் கணக்கு மூதாட்டியரிடம் இருக்கிறது. எந்த முறை காலியாகிவிட்டது என்று அவர்கள் அறிவிக்காதவரை எதிர்தேடல் தொடங்காது.

ஏழாம் படி: திரும்பிவருதலும் இறத்தலும்

கொன்றுவிட்டு வந்தவன் அன்றே தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாமா? பல சமூகங்கள் கூடாது என்றே விடையளித்திருக்கின்றன. இன்றைய அரிசோனாப் பகுதியில் வாழும் அகிமெல் ஓதாம் மக்களிடம், எதிரியைக் கொன்றவன் பதினாறு நாள்கள் ஊருக்கு வெளியே தனித்திருந்து, நோன்பிருந்து தூய்மை பெற வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. தன் தலையைக் கையால் தொடவும் அவனுக்குத் தடை உண்டு, சொறிவதற்கும் குச்சியையே பயன்படுத்தினான். வெற்றி விழாவுக்கு முன் இத்தகைய தனிமையை வையுங்கள். அந்த நாள்களில் அவனுக்கு உணவு கொண்டுவருபவர் யார் என்பது ஒரு முழு அத்தியாயத்துக்கான வித்து.

களத்தில் இறந்தவருக்கு என்ன செய்வது என்பதைப் பலரும் எழுதிவிடுகிறார்கள். நடுகல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் தருகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல், கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த ஒருவனின் பெயரைக் கல்லில் தாங்கி நிற்கிறது. ஆனால் போர் தேடும் சமூகத்தில் இதைவிடக் கடுமையான கேள்வி, நோயால் படுக்கையில் இறந்தவருக்கு என்ன கதி என்பதே. அவ்வாறு இறந்த அரசரின் உடலைப் புல்லில் கிடத்தி, வீரர் செல்லும் உலகுக்குச் செல்லட்டும் என்று வாளால் பிளக்கும் வழக்கத்தை ஔவையார் பாடிய புறப்பாடல் ஒன்று குறிக்கிறது. உங்கள் குலத்தில் எண்பது வயது வரை வாழ்ந்து இருமலில் இறக்கும் ஒருவரைப் படையுங்கள். அவர் உடலருகே உறவினர் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதிமுடிக்கும்போது அந்த மரபை நீங்கள் முழுமையாக அறிந்திருப்பீர்கள்.

எட்டாம் படி: மரபைத் திரிப்பவர்

விதி இருந்தால் அதைத் திரிப்பவரும் இருப்பார். வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியாவில் ‘ஹோல்ம்காங்’ எனப்பட்ட தனிப்பொருதலுக்கு எவரும் எவரையும் அழைக்கலாம். வர மறுத்தவன் மானமிழந்தவன் ஆவான். சண்டையில் தேர்ந்த முரடர்கள் முதிய நிலக்காரர்களை அழைத்து, சொத்தையும் பெண்களையும் கைப்பற்ற இந்த வழக்கத்தைப் பயன்படுத்தியதாக ஐஸ்லாந்துப் பழங்கதைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு அது சட்டப்படி விலக்கப்பட்டது. முரம்பரில் ஆட்டுநெய்க் கடன் இருப்பதால், நெய் வேண்டித் தோற்றதாகப் பொய் சொல்லும் ஏழை மணற்கரையார் தோன்றுவார். அவரை விலைக்கு வாங்கும் பணக்கார முரம்பரும் தோன்றுவார்.

ஒன்பதாம் படி: உலகத்தை மாற்றிப் பாருங்கள்

இதுவரை கட்டிய அமைப்பில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே, இழைத்த தீங்குக்கு ஈடுசெய்யும் ‘உத்து’ என்னும் கடமை போர்களைத் தூண்டிவந்தது. கைக்கருவிகளும் பயிர்ப்பருவமும் அந்தப் போர்களுக்கு எல்லை வகுத்திருந்தன. ஐரோப்பியரோடு துப்பாக்கி வந்தது. உருளைக்கிழங்கும் வந்ததால் நெடுந்தொலைவுப் படையெடுப்புக்கு உணவும் கிடைத்தது. 1820இல் இங்கிலாந்து சென்ற ஙாபுஹி தலைவர் ஹொங்கி ஹிக்கா, திரும்பும் வழியில் சிட்னியில் ஏராளமான துப்பாக்கிகளைப் பெற்று வந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளின் போர்களில் இறந்தோர் சுமார் 20,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. பழைய கடமை அப்படியே இருந்தது. அதன் எல்லைகள்தாம் கரைந்துபோயின.

முரம்பரின் நிலத்தில் நான் மாற்றுவது மழையை. இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்து, பன்னிரண்டில் ஐந்து கிணறுகள் வறண்டால், முப்பத்தைந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் முறை இழக்கும். எதிர்தேடலுக்குச் செல்வோர் பெருகுவர். பெறுவதற்கோ முறைகள் இல்லை. வென்று திரும்பியும் நீர் கிடைக்காதவர்கள் மரபைக் குறைகூறுவார்களா, மூதாட்டியரைக் குறைகூறுவார்களா, மணற்கரையாரின் நிலத்தையே கைப்பற்றப் புறப்படுவார்களா? எதிர்தேடலாகத் தொடங்கியது வஞ்சியாக மாறும் இந்த இடமே நாவலின் நடுப்பகுதி.

பத்தாம் படி: முதல் காட்சியை எழுதுதல்

இத்தனையும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். வாசகருக்கு முதல் அத்தியாயத்தில் மரபின் வரலாற்றையோ விதிகளின் பட்டியலையோ கொடுக்க வேண்டாம். மரபுக்குள் பிறந்தவர் அதை விளக்கிப் பேசுவதில்லை. அது தவறும்போதுதான் அதைப் பற்றிப் பேச்செழும். ஆகவே முதல் காட்சியில் ஏதேனும் ஒரு நிலை பிசகட்டும். போர்க்குலப் பாத்திரங்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் மானம், குருதி, சாவு என்று முழங்குவதைத் தவிர்த்து, ஆடு, நெய், கிணற்றுக்கயிறு என்று அன்றாடம் பேசட்டும். பெயர்களைப் பொறுத்தவரை, வாயில் நுழையாத ஒலிகளைக் கோப்பதைக் காட்டிலும், அவர்கள் வாழும் மண்ணிலிருந்தும் செய்யும் தொழிலிலிருந்தும் பெயர்களை எடுத்தால் தமிழ் வாசகர் உடனே உள்ளே வந்துவிடுவார்.

முரம்பரின் கதையை நான் தொடங்குவதாக இருந்தால், கல்லைச் சுமந்து சென்ற சிறுவன் மணற்கரையிலிருந்து திரும்பிவரும் மாலையில் தொடங்குவேன். அண்டிவாழும் வீட்டின் அக்கா பொதியை வாங்கி அவிழ்க்கிறாள். உள்ளே உப்பும் இருக்கிறது, சாம்பலும் இருக்கிறது. தம்பி தடியைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் அதை எடுத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிணற்று மூதாட்டியரின் குடிசையை நோக்கி நடக்கத் தொடங்குகிறாள்.